பயணப்படி, சாப்பாட்டுச் செலவு: வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்தவை எல்லாமே வேலைக்காக அலையும் செலவைப் பற்றிய கேள்விகள். வரி பற்றி நான் இங்கே சொல்வதெல்லாம் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கு, அதாவது 2026 மார்ச் 31 வரை வாங்கும் சம்பளத்துக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதன்பிறகான சம்பளத்துக்குப் பிரிவு எண்களையும் வரம்புகளையும் புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கோவையில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். கம்பெனி பெங்களூரில். மாதம் இரண்டு முறை ஆபீஸுக்கு வரச் சொல்கிறார்கள். ரயில், லாட்ஜ், சாப்பாடு எல்லாம் என் கைக்காசு. கேட்டால், "உங்க ஆபீஸுக்கு நீங்க வர்றதுக்கு நாங்க ஏன் காசு தரணும்?" என்கிறார் ஹெச்.ஆர். இது நியாயமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நியாயம் இருக்கட்டும், முதலில் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் பாருங்கள். பணியிடம் என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது? பெங்களூர் என்று இருந்தால் ஹெச்.ஆர். சொல்வதற்குக் காகிதத்தில் ஆதாரம் இருக்கிறது. அவர்கள் கணக்குப்படி நீங்கள் பெங்களூர் ஊழியர், கோவையில் இருக்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்போது நீங்கள் ரயில் ஏறுவது வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போவது போல ஆகிவிடும், நடுவில் 350 கிலோமீட்டருக்கு மேல் இருந்தாலும் சரி. வீட்டுக்கும் ஆபீஸுக்கும் போய்வரும் செலவைச் சட்டம் ஊழியரின் சொந்தச் செலவாகத்தான் பார்க்கிறது. முன்பு அதற்கென்று மாதம் 1,600 ரூபாய் வரை வரிவிலக்கு இருந்தது. 2018-19லிருந்து அதையும் எடுத்துவிட்டு, நிலையான கழிவு என்று பொதுவாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டார்கள். பழைய வரி முறையில் வருடத்துக்கு 50,000 ரூபாய், புதிய முறையில் 75,000.

ஆர்டரில் பணியிடம் கோவை என்றோ, உங்கள் வீடு என்றோ இருந்தால் கதையே வேறு. அப்போது பெங்களூர் ஆபீஸ் உங்களுக்கு வெளியூர், நீங்கள் போவது அலுவல் பயணம். பயணப்படி, வழக்கமான பணியிடத்தை விட்டு வெளியே இருக்கும் நாட்களுக்கான தினப்படி இரண்டும் வருமான வரிச் சட்டம் பிரிவு 10(14)(i), விதி 2பிபி இவற்றின்கீழ், உண்மையில் செலவான அளவுக்கு வரிவிலக்கு பெறும். பலரும் "புதிய வரி முறையில் எந்த விலக்கும் கிடையாது" என்று நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள். அது தப்பு. வீட்டு வாடகைப்படி மாதிரியானவைதான் புதிய முறையில் போய்விட்டன. டூருக்கான பயணப்படி, தினப்படி, அலுவல் வேலைக்காகச் சுற்றும் போக்குவரத்துப்படி மூன்றும் அங்கேயும் உண்டு.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது 'டிக்கெட் காசு கொடுங்கள்' என்பதை அல்ல. 'என் பணியிடத்தைக் கோவை என்று எழுத்தில் மாற்றிக் கொடுங்கள்' என்பதுதான் கேட்க வேண்டிய விஷயம். மேனேஜர் போனில் "நீ பர்மனென்ட்டா வீட்லயே இருந்து பாரு" என்று சொன்னது எதற்கும் உதவாது. மெயிலாவது வேண்டும், ஆர்டரில் திருத்தமாக வந்தால் இன்னும் நல்லது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி ஒவ்வொரு ஊழியருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். கடிதமே கையில் இல்லாதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

ஆனால் கேட்பதற்கு முன்னால் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். சில கம்பெனிகளில் ஊருக்கு ஏற்றபடி சம்பளம் வைத்திருப்பார்கள். பணியிடம் கோவை என்று மாறியதும் அடுத்த உயர்வில் கை வைப்பார்கள் என்றால், மாதம் ஐயாயிரம் பயணப்படிக்காக எட்டாயிரம் சம்பளத்தை விட்டதாக ஆகிவிடும். உங்கள் கம்பெனியில் ஏற்கெனவே இப்படி மாற்றிக்கொண்ட யாரையாவது தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

பணியிடத்தை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டாலும், கம்பெனி மனது வைத்தால் பயணச் செலவைக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. அது உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும், அவ்வளவே. பத்தாயிரம் செலவில் வரி போக ஏழாயிரம், எட்டாயிரம் கையில் வந்தாலும் இப்போது வருவது பூஜ்யம்தானே?

இன்னொரு சின்ன விஷயம். வந்தே பாரத்தில் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே சாப்பாடும் சேர்த்து எடுத்தால், அதன் விலை டிக்கெட் தொகைக்குள் வந்துவிடும். அன்றைக்குக் காலை டிபன் 180 ரூபாய் என்று தனியாக ஒரு பில் வைத்தால் அக்கவுன்ட்ஸில் பிடித்துவிடுவார்கள், அதோடு உங்கள் மற்ற பில்களையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பிப்பார்கள். லாட்ஜ் வாடகையில் காலைச் சாப்பாடு சேர்ந்திருந்தாலும் இதேதான். லாட்ஜில் அறை எடுக்கும்போதே கம்பெனி பெயரையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் கொடுத்து பில் போடச் சொல்லுங்கள். அறையைக் காலி செய்துவிட்டுப் பஸ் ஏறியபிறகு போன் போட்டு மாற்றித் தரச் சொன்னால் நடக்காது.

கேள்வி: மெடிக்கல் ரெப்பாகச் சேர்ந்திருக்கிறேன். ஹெச்.க்யூ. (தலைமையிடம்) திருநெல்வேலி, ஆபீஸ் என்று எதுவும் இல்லை, வீடுதான் ஆபீஸ். மாதம் 6,000 ரூபாய் "ஃபீல்டு அலவன்ஸ்" தருகிறார்கள். பில் எதுவும் வேண்டாம் என்கிறார் ஏரியா மேனேஜர். ஆனால் படிவம் 16-ல் (சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் கம்பெனி தரும் சான்றில்) அது முழுதும் வரிக்கு உட்பட்டதாக வந்திருக்கிறது. தென்காசி, நாகர்கோவில் என்று அலைந்ததில் அந்தக் காசு எனக்குப் போதவே இல்லை.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சு கொரோனா காலத்தில்தான் எல்லோர் வாயிலும் வந்தது. மெடிக்கல் ரெப்புகள் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே அப்படித்தான் இருக்கிறார்கள். அதனால்தான் மருந்துக் கம்பெனிகளில் ஹெச்.க்யூ., எக்ஸ்-ஸ்டேஷன், அவுட்ஸ்டேஷன் என்று மூன்று அடுக்காகத் தினப்படி வைத்திருக்கிறார்கள். உள்ளூரில் சுற்றினால் ஒரு தொகை, காலையில் தென்காசி போய் இரவு வீடு திரும்பினால் அதைவிடக் கொஞ்சம் கூட, நாகர்கோவிலில் தங்கினால் அதைவிடக் கூட. நல்ல ஏற்பாடு அது. உங்கள் கம்பெனி அதையெல்லாம் விட்டுவிட்டு மொத்தமாக 6,000 என்று கட்டிக் கொடுப்பது அவர்களுக்குச் சுலபம், உங்களுக்கு நஷ்டம். அலையும் மாதமும் அலையாத மாதமும் ஒரே தொகை என்றால், அந்தப் பணத்தைச் சம்பளம் மாதிரிதான் பார்ப்பார்கள். கம்பெனி அக்கவுன்ட்ஸும் அப்படியே பார்த்து வரி பிடித்திருக்கிறது.

பில் வேண்டாம் என்று மேனேஜர் சொல்வது அவருடைய வசதிக்கு. நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஏற்கெனவே அருமையான ஆதாரம் ஒன்று இருக்கிறது: தினமும் அனுப்பும் கால் ரிப்போர்ட். எந்தத் தேதியில் எந்த ஊரில் எந்த டாக்டரைப் பார்த்தீர்கள் என்று அதில் இருக்கிறது. அதோடு வண்டியின் ஓடோமீட்டரைக் காலையிலும் இரவிலும் போனில் ஒரு படம், பெட்ரோல் பில், தங்கிய லாட்ஜ் பில். இவ்வளவு இருந்தால் போதும், ரிட்டர்ன் போடும்போது விலக்கு பெற்ற படிகள் என்ற வரிசையில் 10(14)(i)-ஐத் தேர்ந்தெடுத்து, உண்மையில் செலவான தொகையைக் காட்டலாம், கிடைத்த 6,000-க்கு மேல் போகாமல். படிவம் 16-க்கும் ரிட்டர்னுக்கும் வித்தியாசம் இருப்பதால் துறையிலிருந்து கேள்வி வர வாய்ப்புண்டு. ஆதாரம் கையில் இருந்தால் பதில் சொல்லிவிடலாம், இல்லாவிட்டால் தயவுசெய்து காட்டாதீர்கள். வருமானத்தைத் தவறாகக் காட்டியதாக முடிவானால், அதனால் குறைந்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் போட 270ஏ பிரிவில் வழி இருக்கிறது.

பெட்ரோல் பில் பற்றி ஒரு வார்த்தை. பங்க்கில் தரும் வழவழப்புத் தாள் வெயிலில், பர்ஸ் சூட்டில் சில மாதத்தில் வெளுத்து வெற்றுத்தாள் ஆகிவிடும். வாங்கிய இடத்திலேயே படம் எடுத்து, மாதவாரியாக ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.

போதவில்லை என்கிறீர்களே, அதை மேனேஜரிடம் புலம்பலாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்லுங்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. வண்டி 45 கொடுத்தால் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் மட்டும் 2.25 ரூபாய். 3,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ், ஆயில் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் என்று வைத்தால் இன்னொரு 50 காசு. டயர், செயின், பேட்டரிக்கு ஒரு 30 காசு. மூன்று ரூபாய் தாண்டிவிட்டது, வண்டியின் தேய்மானத்தை இன்னும் சேர்க்கவே இல்லை. தென்காசி போய்வர 110 கிலோமீட்டர், அதற்கு மட்டும் 330 ரூபாய். மாதம் எத்தனை முறை தென்காசி, எத்தனை முறை நாகர்கோவில் என்று உங்கள் டூர் பிளானிலேயே இருக்கிறது. அந்த எண்ணிக்கையையும் ஒரு முறைக்கான செலவையும் பெருக்கி ஒரே பக்கத்தில் எழுதி மெயிலில் அனுப்புங்கள். வாயால் கேட்டால் "பாக்கலாம்" என்பார்கள். எண் போட்டு எழுதிக் கொடுத்தால் அதை யாராவது மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: நைட் ஷிப்ட்டில் வீட்டிலிருந்து வேலை. ஆபீஸில் இருந்தபோது இரவுச் சாப்பாடு ஃப்ரீ. இப்போது ஸ்விகியில் வாங்கும் பில்லை க்ளெய்ம் பண்ண முடியுமா? சோடெக்ஸோ மாதிரி கார்டு எடுத்துக்கொண்டால் வரி மிச்சம் என்கிறாள் தோழி.
— வாசகி, ஈரோடு

பதில்: கம்பெனி பாலிசியில் இருந்தால் காசு வாங்கலாம், ஆனால் அது வரிக்கு உட்பட்டது. இலவசச் சாப்பாட்டுக்கு வரிவிலக்கு கொடுக்கும் விதி, வேலை நேரத்தில் ஆபீஸ் வளாகத்தில் தரும் சாப்பாட்டையும், சாப்பாட்டுக் கடைகளில் மட்டும் செல்லும் கூப்பன் அல்லது கார்டையும்தான் சொல்கிறது. வேளைக்கு 50 ரூபாய் வரை. உங்கள் வீட்டு ஹால் கம்பெனி வளாகம் ஆகாது.

தோழி சொல்லும் கார்டு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் பலன் தரும். நாளைக்கு இரண்டு வேளை, மாதம் 22 நாள் என்றால் 2,200 ரூபாய், வருடத்துக்கு 26,400. புதிய முறையில் கார்டுக்கு அந்த விலக்கு கிடையாது. அங்கே இருந்துகொண்டு கார்டு வாங்கினால், கையில் வரவேண்டிய சம்பளத்தில் ஒரு பகுதியை ஹோட்டலில் மட்டும் செலவழிக்கும்படி நீங்களே கட்டிப்போட்டுக் கொள்கிறீர்கள். வேண்டாம்.

கம்பெனி வேலையாக வெளியூர் போகும் நாட்களில் சாப்பிடுவது இதில் சேராது. அது தினப்படிக் கணக்கு, மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: வாட்டர் ஃபில்டர் விற்பனை வேலை. காலையில் வீட்டிலிருந்து நேராக வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போவேன். தினம் 150 ரூபாய் போக்குவரத்துப்படி. நான் பெரும்பாலும் மகளிர் இலவச டவுன் பஸ்ஸில்தான் போகிறேன். சூப்பர்வைசர் அதைத் தெரிந்துகொண்டு, "உனக்குத்தான் பஸ் ஃப்ரீயாச்சே, படி எதுக்கு?" என்கிறார். நான் ஏமாற்றுகிறேனா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை அம்மா, நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. நாளைக்கு 150 என்று பேசித்தான் வேலையில் சேர்த்தார்கள். பஸ்ஸில் போனாலும் நடந்து போனாலும் அந்தத் தொகை உங்களுடையது. இலவசப் பயணம் அரசு பெண்களுக்குக் கொடுத்தது, உங்கள் கம்பெனியின் செலவைக் குறைக்க அல்ல. அது அவர் நினைத்த மாதிரி கம்பெனியின் லாபமாக மாறிவிட்டால் அந்தத் திட்டத்தால் உங்களுக்கு என்ன பயன்?

ஆர்டரில் "செலவான தொகையைப் பில் வைத்துப் பெறலாம்" என்று இருந்தால் மட்டும் நிலைமை மாறும். அப்போது கட்டாத பஸ் காசைக் கேட்கக் கூடாது. ஆனால் டவுன் பஸ் போகாத இடத்துக்கு எடுத்த ஷேர் ஆட்டோ, டெமோ மெஷினைத் தூக்கிக்கொண்டு போக எடுத்த ஆட்டோ எல்லாவற்றையும் கேட்கலாம். ஷேர் ஆட்டோக்காரர் பில் தரமாட்டார், தெரிந்ததுதான். ஜிபே, ஃபோன்பே மூலம் கொடுத்துவிட்டு அந்த ரசீதை வையுங்கள். அதுவும் முடியாத இடத்தில் தேதி, எங்கிருந்து எங்கே, எவ்வளவு, எந்த வாடிக்கையாளர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட வவுச்சரைப் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்கும்.

வரி விஷயத்தில், விலக்கு உண்மையில் செலவானதற்கு மட்டும்தான், மீதி சம்பளத்தில் சேரும். இந்த மாதிரி வேலைக்கு வழக்கமாக வரும் சம்பள அளவில் வருமான வரியே வராது, அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

சூப்பர்வைசர் மறுபடி கேட்டால் சண்டை வேண்டாம். "எழுதிக் கொடுங்க சார், ஹெச்.ஆர்.கிட்ட கேட்டுக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு ஆர்டரில் "கன்சல்டன்ட்" என்று போட்டு, 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்துக் கொடுக்கிறார்கள். பி.எஃப். இல்லை. ஐ.டி. வேலை, வீட்டிலிருந்துதான். பயணச் செலவு தருவதில்லை. நான் என்ன செய்வது?
— வாசகர், மதுரை

பதில்: சம்பளக்காரருக்கு இல்லாத ஒரு வழி உங்களுக்கு உண்டு. சம்பளம் வாங்குபவர், கம்பெனி திருப்பித் தராத செலவை ரிட்டர்னில் கழிக்கவே முடியாது, நிலையான கழிவோடு முடிந்தது. பலரும் பில்களைக் கட்டாக எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போய் ஏமாந்து திரும்புவது இதனால்தான். உங்களுக்குத் தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜே பிரிவில் டி.டி.எஸ். பிடிக்கிறார்கள் என்றால் உங்கள் வருமானம் தொழில் வருமானம். கிளையன்ட் ஆபீஸுக்குப் போன ரயில், தங்கல், வெளியூரில் சாப்பிட்டது எல்லாவற்றையும் செலவாகக் கழிக்கலாம். வீட்டில் சாப்பிட்ட மதியச் சாப்பாட்டைக் கழிக்க முடியாது.

அல்லது 44ஏடிஏ என்ற பிரிவை எடுக்கலாம். ஐ.டி. தொழிலும் அதில் வரும். மொத்த வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை) வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம், பில் சேர்க்க வேண்டாம். ஆனால் இதை எடுத்தால் பயணச் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது. மீதிப் பாதியில் எல்லாம் அடங்கிவிட்டதாகக் கணக்கு. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்குச் செலவு பாதியைத் தொடுவது அபூர்வம், ஆகவே உங்களுக்கு 44ஏடிஏ-தான் லாபம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும், தினமும் ஒன்பது மணிக்கு லாகின், லீவுக்கு அனுமதி, ஒரே முதலாளி என்று இருந்தால் நீங்கள் கன்சல்டன்ட் இல்லை, பெயர் மாற்றிய ஊழியர். பி.எஃப்., பணிக்கொடை, பயணப்படி எல்லாவற்றிலிருந்தும் கம்பெனி தப்பித்துக்கொள்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, வெளியூர் அழைத்தால் செலவு அவர்களுடையது என்று ஒரு வரியாவது சேர்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கட்டணத்தை ஏற்றிக் கேளுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் வேலையை விடுகிறேன். மூன்று மாத டூர் பில் 38,000 ரூபாய் இன்னும் வரவில்லை. "செட்டில்மென்ட்டில் பாத்துக்கலாம்" என்கிறார்கள். கிரெடிட் கார்டில் செலவழித்தது, அதற்கு வட்டி ஓடுகிறது.
— வாசகி, சென்னை

பதில்: செட்டில்மென்ட் வரை விடாதீர்கள். வேலையை விட்ட ஊழியருக்குச் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது, ஆனால் வேலைக்காக ஆன செலவைத் திருப்பித் தருவது அந்த ஊதியக் கணக்கில் சேராது. ஆகவே அந்தக் கெடுவைக் காட்டி இதைக் கேட்க முடியாது என்று கம்பெனி வாதிடும்.

இப்போதே செய்ய வேண்டியது: க்ளெய்ம் எல்லாம் சிஸ்டத்தில் ஏறியிருக்கிறதா, மேனேஜர் ஒப்புதல் கொடுத்துவிட்டாரா என்று பாருங்கள். பெரும்பாலும் தேங்கி நிற்பது அங்கேதான், அக்கவுன்ட்ஸில் அல்ல. எந்தத் தேதி டூர், எவ்வளவு, எப்போது போட்டது என்று பட்டியலோடு மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் சேர்த்து ஒரே மெயில். "கடைசி வேலை நாளுக்குள் தர வேண்டும்" என்று தேதியைப் போட்டு எழுதுங்கள். கார்டு வட்டியை அவர்கள் கொடுக்கும் வாய்ப்பு குறைவு, ஆனாலும் தாமதத்தால் வட்டி கட்டுகிறேன் என்பதை அதே மெயிலில் குறிப்பிடுங்கள்.

நோ-ட்யூஸ் படிவத்தில் "எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும், அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பக்கத்திலேயே "டூர் பில் 38,000 நிலுவை" என்று கையால் எழுதிப் போடுங்கள். ஆன்லைன் படிவம் என்றால் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள். பிறகும் தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், பணப் பாக்கிக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது. ஒரு நோட்டீஸிலேயே பெரும்பாலும் பணம் வந்துவிடும்.

கடைசி நாள் மாலை உங்கள் லாகினை மூடிவிடுவார்கள். அதற்கு முன்பே க்ளெய்ம் எண், ஒப்புதல் தெரியும் பக்கம் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து வையுங்கள். பில் அசலைக் கொடுத்திருந்தால் நகலும் வேண்டும். அடுத்த கம்பெனியில் சேரும்போது, டூர் போவதற்கு முன்பே அட்வான்ஸ் தருவார்களா என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.